வவுனியாவின் மருத்துவர் இராஜசுந்தரம்



அகதிகளோடு தொடர்புடைய ஒரு மருத்துவரின் வாழ்வை நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையின் சார்பில் அழைத்தீர்கள். சென்ற நூற்றாண்டு அப்படிப்பட்ட மருத்துவர்களை நிறையவே தந்திருக்கிறது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் நகரம் வீழ்ந்தபோது வியட்நாமிலிருந்து வெளியேறிய மருத்துவர்கள் பலர், போன நாடுகளில் தாங்கள் படித்த படிப்புக்கு மதிப்பில்லாமல் முதலிலிருந்து தேர்வெழுதினார்கள். பக்கத்து நாடான கம்போடியாவில் ஹாயிங் நோர் என்ற மகப்பேறு மருத்துவர், கெமர் ரூஜ் ஆட்சியில் படித்தவன் என்று தெரிந்தாலே உயிர் போகும் என்பதால், தான் மருத்துவர் என்பதையே மறைத்து வாழ்ந்தார். பிரசவ வேதனையில் துடித்த தன் மனைவியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அறுவை செய்யக் கருவியும் இல்லை, கற்ற தொழிலை வெளியே காட்டவும் வழியில்லை. பின்னாளில் அமெரிக்காவுக்கு அகதியாகப் போய், 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' திரைப்படத்தில் நடித்து 1985இல் ஆஸ்கர் விருது பெற்றவர் அவர்தான். மருத்துவராகத் தொழில் செய்யும் வாய்ப்பு மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இவர்களைப் பற்றி உலகம் பேசியிருக்கிறது. நம் மொழி பேசிய ஒரு மருத்துவரைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. 1983 ஜூலை 27 அன்று கொழும்பு வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்ட டாக்டர் எஸ். இராஜசுந்தரம் அவர். வெலிக்கடை என்றதும் தமிழ்நாட்டில், அங்கே ஜூலை 25 அன்று கொல்லப்பட்ட குட்டிமணி, தங்கதுரை, ஜெகன் ஆகியோரின் பெயர்கள் நினைவுக்கு வரும். அந்த நாட்களில் இந்தப் பெயர்கள் நம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் இருந்தன. அதே சிறையில், இரண்டு நாள் கழித்து, வவுனியாவில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த ஒரு குடும்பஸ்தரும் கொல்லப்பட்டார் என்பது பலருக்கு இன்றும் தெரியாது.

இராஜசுந்தரம் கடல் கடந்து அகதியானவர் அல்லர். நாடற்றவர்களாகவும் வீடற்றவர்களாகவும் தன் வாசலுக்கு வந்த மக்களை ஊர்க்காரர்களாக மாற்ற முயன்றவர். அகதிக்கு என்ன மருந்து என்று கேட்டால், நிலமும் நீரும் பள்ளிக்கூடமும் என்று செய்து காட்டியவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தேன்.

இதைப் பேசக் காஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பதும் என் எண்ணம். மணிமேகலைக் காப்பியம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். புகாரைக் கடல் கொண்டுவிடுகிறது. மணிமேகலையின் தாயரும் அறவண அடிகளும் இடம்பெயர்ந்து காஞ்சிக்கு வருகிறார்கள். காஞ்சியோ மழை பொய்த்துப் பசியில் கிடக்கிறது. அமுதசுரபியோடு வரும் மணிமேகலை எடுத்த எடுப்பில் சோறு போடவில்லை. மணிபல்லவத்தில் இருந்ததைப் போலப் பொய்கையும் சோலையும் இங்கே அமையட்டும் என்று ஒரு தெய்வம் சொல்ல, மன்னன் இளங்கிள்ளி அவற்றை அமைத்து வைத்திருக்கிறான். அந்த இடத்தை அடைந்த பிறகே அவள் பசித்தவர்களை அழைக்கிறாள். சோற்றுக்கு முன்னால் நீர்நிலை. நிவாரணத்துக்கு முன்னால் குடியிருக்க ஓர் இடம். காப்பியத்தை எழுதிய சாத்தனார் எண்ணிய அந்த வரிசையைத்தான் வவுனியாவில் ஒரு மருத்துவர் பின்பற்றினார்.

அவர் வாசலுக்கு வந்தவர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர்கள் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போய் இலங்கை மலைகளில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் உழைக்க வைத்த மக்கள். பத்துக்குப் பத்து அடி லயன் அறைகளில் தலைமுறைகள் பிறந்து இறந்தன. 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. அந்த மக்களில் ஒருவரிடமாவது எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்டுவிட்டா இந்த எண்களை எழுதினார்கள்? இந்த ஒப்பந்தத்தை நாம் ராஜதந்திரச் சாதனையாகப் பாடப்புத்தகங்களில் படித்தோம். மனிதர்களைப் பங்கு பிரித்த காகிதம் என்றே அதைச் சொல்வேன்.

இந்தியாவின் பங்காகக் கணக்கிடப்பட்டவர்கள் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். டான்டீ என்று நாம் சொல்லும் அந்த நிறுவனமே அவர்களுக்காக உண்டானதுதான். கொடைக்கானல் மலைப்பக்கம் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

அங்கேயே தங்கியவர்களுக்கு எழுபதுகள் கொடிய காலம். 1973, 1974 ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உழைத்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பல இடங்களில் இருந்த லயனும் பறிபோனது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்ட நிலத்தை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. சிவனு லட்சுமணன் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை நாடெங்கும் பரவியது. அரசியலோடு எந்தத் தொடர்பும் இல்லாத தோட்டத் தொழிலாளர்களும் தாக்கப்பட்டார்கள். கையில் கிடைத்த பாத்திரத்தையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வடக்கே நடந்தார்கள். வடக்கின் வாசல் வவுனியா.

வவுனியாவில் இராஜசுந்தரமும் அவருடைய மனைவியும் மருத்துவர்களாக இருந்தார்கள். வன்னி நிலத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சிறு சிறு குளங்கள், குளத்தை நம்பிய வயல், அதைச் சுற்றி அடர்ந்த வறண்ட காடு. யானை, பாம்பு, காய்ச்சல். இலங்கையில் மலேரியா 1963இல் வெறும் 17 பேருக்கு மட்டும் என்று ஒழியும் நிலைக்கு வந்து, மருந்து தெளிப்பு நின்றதும், அறுபதுகளின் இறுதியில் லட்சக்கணக்கானோரைப் படுக்கவைத்து மீண்டும் எழுந்தது. அதன் வீடு இந்த வறண்ட நிலம். குளிர்ந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தக் காட்டோரம் ஓலைக் கொட்டகையில் படுத்தால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோட்டங்களில் குழந்தைச் சாவு விகிதமும் நாட்டுச் சராசரியைவிட மிக அதிகமாக இருந்த காலம் அது. சோகை பிடித்த தாய், எடை குறைந்த குழந்தை, குளிர்க் காய்ச்சலில் நடுங்கும் தகப்பன், இப்படித்தான் வரிசை நின்றிருக்கும்.

இந்த இடத்தில் எந்த மருத்துவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது. அதுவே பெரிய தொண்டு. அப்படிச் செய்தவர்களை நாம் தெய்வமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் மாத்திரை வாங்கிப் போகிறவன் எங்கே போகிறான்? மரத்தடிக்கு. அங்கே என்ன தண்ணீர் குடிக்கிறான்? குட்டையில் கிடப்பதை. அடுத்த வாரம் அதே காய்ச்சலோடு திரும்பி வருவான். இராஜசுந்தரம் இந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்த மருத்துவர். அதன் விளைவுதான் காந்தியம் என்ற அமைப்பு.

எழுபதுகளின் இடையில் அவரும் எஸ். ஏ. டேவிட்டும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். டேவிட் ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன்னில் பிறந்த கத்தோலிக்கர், கட்டடக் கலைஞர். ஆஸ்திரேலியாவில் மேல்படிப்புப் படித்து, கென்யாவில் வேலை செய்து, சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பியவர். மணம் செய்துகொள்ளாதவர். ஒருவர் கட்டடம் தெரிந்தவர், ஒருவர் உடம்பு தெரிந்தவர். குடியேற்றத்துக்கு இந்த இரண்டு அறிவும் வேண்டும். கிணறு எங்கே வெட்டுவது, குடிசைக்கும் கழிப்பிடத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, பிள்ளைகள் கூடும் இடம் எங்கே அமைவது என்பதெல்லாம் கட்டடக் கலையும் மருத்துவமும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய கேள்விகள்.

காந்தியம் செய்த வேலை வெளித்தோற்றத்துக்கு மிக எளியது. வந்த குடும்பங்களை வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில் குடியமர்த்துவது. காடு வெட்டவும் கிணறு தோண்டவும் விதை வாங்கவும் உதவுவது. முதல் அறுவடை வரும்வரை சாப்பாட்டுக்கு வழி செய்வது. மருத்துவ வண்டி அந்தக் குடியிருப்புகளுக்குப் போய்வருவது. இவற்றோடு, என்னை மிகவும் கவர்ந்த வேலை ஒன்றும் உண்டு. சிற்றூர்களில் முன்பள்ளிகளைத் திறந்தார்கள். அந்தந்தச் சிற்றூரிலிருந்தே இளம்பெண்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, ஆசிரியைகளாகத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தைகளுக்குப் பாலும் சத்துணவும் கொடுத்தார்கள்.

இங்கே அங்கன்வாடிப் பணியாளர்கள் யாராவது இருந்தால் இதன் அருமை உடனே புரியும். தினமும் ஒரே இடத்துக்கு வரும் குழந்தையின் எடையைப் பார்க்கலாம், கண்ணைப் பார்க்கலாம், வயிறு உப்பியிருப்பதைப் பார்க்கலாம். அதன் தாயிடம் பேசலாம். மருத்துவமனைக்கு வராத நோயை முன்பள்ளியில் கண்டுபிடிக்கலாம். அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கோ, ஊரில் ஒரு மதிப்பும் மாதம் ஒரு சிறு வருமானமும் வருகின்றன. நேற்றுவரை கள்ளத்தோணி என்று ஏசப்பட்ட குடும்பத்துப் பெண் இன்று டீச்சர். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982 ஜூலையில். கையில் அரசு இல்லாத இரண்டு பேர், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் உதவியோடு, அதற்கு முன்பே வன்னிக் காட்டில் இந்த வேலையில் இறங்கியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துச் சமூகத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. தோட்டங்களிலிருந்து வந்த இந்த மலையக மக்களை வடக்கில் எல்லாரும் கை நீட்டி வரவேற்கவில்லை. தோட்டக்காட்டார் என்று இளக்காரமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். சாதி பார்த்தவர்கள் இருந்தார்கள். மலிவான கூலியாட்களாக நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்த மனநிலைக்கு எதிராகவும் காந்தியம் வேலை செய்ய வேண்டியிருந்தது. வடபகுதி இளைஞர்கள் லயன் அறையில் பிறந்தவர்களோடு மண்வெட்டி பிடித்தார்கள். இலங்கைத் தமிழர் வரலாற்றில் இந்த இரண்டு சமூகங்களும் ஒரே மண்ணில் சேர்ந்து வேர்வை சிந்திய மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

இனி அவருடைய குடும்பத்தைப் பற்றி. வீட்டின் தனிவாழ்வை மேடையில் விரித்துப் பேச எனக்கு உரிமை இல்லை. அது அவர்களுக்குரியது. வெளியே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். டேவிட் தனி ஆள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். இராஜசுந்தரத்துக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தார், நடத்த வேண்டிய மருத்துவத் தொழில் இருந்தது. கணவனும் மனைவியும் மருத்துவர்கள் என்றால் அந்தக் காலத்தில் லண்டனோ நைஜீரியாவோ கதவைத் திறந்து வைத்திருந்தது. இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் எத்தனையோ பேர் போனார்கள். போனதில் தவறே இல்லை. இவர்கள் வவுனியாவில் இருந்தார்கள். துறவியின் தியாகத்தைப் பாராட்ட நமக்குச் சொற்கள் நிறைய உண்டு. குடும்பஸ்தனின் தியாகத்துக்கு அவ்வளவு சொற்கள் இல்லை. அது ஒருவர் எடுக்கும் முடிவும் இல்லை, வீடே சேர்ந்து எடுக்கும் முடிவு. அந்த வீட்டின் மருத்துவர் இருவரில் ஒருவரை மட்டும் நாம் இன்று பெயர் சொல்லி நினைக்கிறோம். மற்றவர் சுமந்ததும் அதே எடைதான், அதற்குப் பின்னும் சுமந்தது கூடுதல்.

அரசு இந்த வேலையைச் சந்தேகத்தோடு பார்த்தது. எல்லைப் பகுதிகளில் தமிழர் குடியேறுவது அதற்குப் பிடிக்கவில்லை. காந்தியம் ஆயுதப் போராளிகளுக்கு ஆள் சேர்க்கும் இடம் என்பது குற்றச்சாட்டு. இதை நான் மறைத்துப் பேச மாட்டேன். காந்தியத்தில் வேலை செய்த இளைஞர்களில் சிலர் ஆயுத இயக்கங்களோடு தொடர்புடையவர்களாக இருந்தார்கள். அமைப்பின் முக்கியத் தொண்டரான சந்ததியார் பிறகு புளொட் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார், 1985இல் தமிழ்நாட்டில் சொந்த இயக்கத்தாராலேயே கொல்லப்பட்டார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அப்படிப்பட்ட நாட்டில் எந்த இளைஞர் கூட்டத்திலும் ஆயுதத்தை நினைத்தவர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் கிணறு வெட்டியதும் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்ததும் பயங்கரவாதம் ஆகாது. யாராவது குற்றம் செய்திருந்தால் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கலாம். அரசு அமைப்பையே முடக்கியது.

1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைதானார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ராணுவ முகாமில் வைத்து விசாரிக்கப்பட்டார்கள், சித்திரவதை செய்யப்பட்டார்கள். பிறகு வெலிக்கடைச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள்.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படைவீரர்கள் இறந்தார்கள். 24ஆம் தேதி இரவிலிருந்து கொழும்பு எரிந்தது. 25ஆம் தேதி வெலிக்கடையில், சிங்களக் கைதிகள் திறந்துவிடப்பட்டு, 35 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அரசின் காவலில், அரசின் பூட்டுக்குள் நடந்த கொலைகள். உயிர் தப்பியவர்கள் சிறையின் வேறொரு கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். அங்கேதான் இராஜசுந்தரமும் டேவிட்டும் இருந்தார்கள். ஒரு நாள் இடைவெளி. அந்த ஒரு நாளில் மிஞ்சியவர்களை அரசு பாதுகாத்திருக்கலாம். 27ஆம் தேதி மாலை கூட்டம் மீண்டும் வந்தது.

அன்று நடந்ததை டேவிட் பின்னர் எழுதியும் பேசியும் பதிவு செய்தார். கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்களிடம் இராஜசுந்தரம் முன்னால் போய்ப் பேசினார். எங்களை ஏன் கொல்ல வேண்டும், நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம் என்று கேட்டார். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதே இரும்புக் கம்பியால் அடித்து வீழ்த்தப்பட்டார். மற்றவர்கள் கையில் கிடைத்த மேசைக் கால்களைக் கொண்டு தடுத்து நின்றார்கள். ராணுவம் வந்து கலவரக்காரர்களை விலக்கியபோது 18 பேர் இறந்திருந்தார்கள். இரண்டு நாளும் சேர்த்து 53 பேர். மரண விசாரணை இவற்றைக் கொலை என்றே பதிவு செய்தது. இன்றுவரை ஒருவர்கூட இதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

அவர் முன்னால் போய்ப் பேசியதைப் பலரும் அப்பாவித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் நோயாளியிடம் பேசிய மனிதர் அவர். எதிரே நிற்பவன் வெறியோடு இருந்தாலும் அவனிடமும் கேட்டுப்பார்க்கலாம் என்று நம்பியவர். சிங்களக் கைதியையும் மனிதனாகவே எண்ணிப் பேசினார். அந்த நம்பிக்கைக்கு அன்றைய இலங்கை தகுதியானதாக இல்லை.

பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. உயிர் தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். செப்டம்பர் 23 அன்று அந்தச் சிறை உடைக்கப்பட்டது. டேவிட் அங்கிருந்து வெளியேறித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். இலங்கையிலோ, மலையகக் குடும்பங்கள் குடியேறி வாழ்ந்த கென்ற் பண்ணையும் டொலர் பண்ணையும் 1984இல் காலி செய்யப்பட்டன. தமிழர்களை வெளியேற்றிவிட்டு, சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் அரசு அங்கே குடியமர்த்தியது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும்கூட அதில் கொல்லப்பட்டார்கள். பசித்தவனுக்கு வயல் ஆக வேண்டிய நிலம் இரண்டு தரப்புக்கும் போர்க்களமானது. மலையக மக்கள் மீண்டும் ஒருமுறை மூட்டையைத் தூக்கினார்கள்.

டேவிட் சென்னை அண்ணா நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகதியாக வாழ்ந்தார். தொண்ணூறு வயதை எட்டிய பிறகு, 2015இல் கிளிநொச்சிக்குத் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில் அங்கே காலமானார். முப்பது ஆண்டுகள் நம்மிடையே இருந்தவரை நம் பல்கலைக்கழகங்களோ கட்டடக் கலைக் கல்லூரிகளோ முறையாக அழைத்து, குடியேற்றத்தை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பாடம் நமக்குத் தேவைப்பட்டது. 1983 ஜூலைக்குப் பிறகு இராமேசுவரம் கரையில் படகு படகாக வந்து இறங்கியவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். மண்டபத்தில் பதிவு செய்து, புழல், கும்மிடிப்பூண்டி என்று மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வைத்தோம். இதில் தமிழ்நாடு காட்டிய ஈரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரிசி கொடுத்தோம், உதவித்தொகை கொடுத்தோம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம். 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. பழுதடைந்த குடியிருப்புகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டும் வேலை தொடங்கியது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாறியது. அத்தனையும் நல்ல காரியங்கள்.

ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் ஊர்க்காரர்கள் ஆகவில்லை. இந்தியா அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேரவில்லை, அகதிகளுக்கென்று நாட்டுச் சட்டமும் இல்லை. 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற கூட்டில் அடைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளுக்குக் கதவைத் திறந்து, இலங்கையை விட்டுவிட்டது. இந்திய மண்ணில் பிறந்திருந்தாலும், 1987 ஜூலை 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்பு மட்டும் போதாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், அந்தத் தேதிக்கு முன் பிறந்ததை வைத்து நீதிமன்றம் போய், இந்தியக் குடிமகளாக ஏற்கப்பட்டு, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் வாக்களித்தது செய்தித்தாள்களில் செய்தியானது. ஒரு பெண் வாக்களிப்பதே செய்தி என்றால், வாக்களிக்க முடியாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

முகாம்களில் இருப்பவர்களில் பெரிய பகுதியினர், நான் மேலே சொன்ன அதே மலையக மக்கள். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான இவர்கள் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தும் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

முகாம் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள், கலைக்கல்லூரிக்குப் போகிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்களை முகாம்களில் நிறையப் பார்க்கலாம். எண்பதுகளில் மருத்துவக் கல்லூரியிலும் அவர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அந்த வழி அடைபட்டது. இன்று குடியுரிமையும் நீட் தேர்வும் சேர்ந்து அதை மேலும் இறுக்கிவிட்டன. இராஜசுந்தரத்தைப் போல ஒரு மருத்துவர் முகாமிலிருந்து உருவாக இன்றைய நிலையில் வழி இல்லை. இதை நான் நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்க மாட்டேன், அநீதி என்றே சொல்வேன்.

காஞ்சிபுரத்தில் இந்தப் பேச்சு எடுபடும் என்று நம்புகிறேன். இந்த ஊரில் தறி போட்ட குடும்பங்களில் பல, எந்தெந்தக் காலத்திலோ வேறு நாட்டிலிருந்து, வேறு மொழி பேசிக்கொண்டு வந்தவை. வீட்டுக்குள் இன்றும் தெலுங்கு பேசுகிறார்கள். ஊர் அவர்களுக்குத் தெரு கொடுத்தது, கோயிலில் மரியாதை கொடுத்தது, பின்னர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் அட்டை கொடுத்தது. காஞ்சிப் பட்டு என்று உலகம் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வந்தவர்களை ஊர்க்காரர்கள் ஆக்கினால் ஊர் என்ன பெறும் என்பதற்கு இந்த நகரம் சான்று.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களோடு நிறுத்துகிறேன். ஒன்று, இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துவதோடு, முகாமில் படிக்கும் ஒரு மாணவியின் செவிலியர் படிப்புக்கோ ஆய்வக நுட்பப் படிப்புக்கோ முழுச் செலவையும் ஏற்க வேண்டும். அதற்குக் குடியுரிமை தடையாக நிற்கும் இடங்களில் வழக்கறிஞர்களின் உதவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது உங்கள் எல்லாருக்கும். அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் நாடாளுமன்ற வேட்பாளர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் குடியுரிமை கொடுக்க மக்களவையில் பேசுவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.